அம்மாவின் கல்லா யார் பெயரில் இருக்க வேண்டும்?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான். விருதுநகரில் உங்கள் அம்மா, 58 வயது, பன்னிரண்டு வருடமாக இட்லிக் கடை நடத்துகிறார். காலையும் மாலையும் சேர்த்து ஒரு நாள் வியாபாரம் 3,500 முதல் 4,000 ரூபாய். வருகிறவர்களில் பாதிப் பேர் “ஜிபே இருக்காம்மா?” என்று கேட்கிறார்கள், இல்லை என்றதும் அடுத்த கடைக்கு நடக்கிறார்கள். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். “கையில வாங்காத காசு என்ன காசு?” என்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் நீங்கள், உங்கள் கணக்கின் கியூஆரை அச்சடித்துக் கடையில் ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். இது பாதுகாப்பா, வரி வருமா, எந்த ஆப் நல்லது என்று மூன்று கேள்விகள்.

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உண்மையான கேள்வி அந்த மூன்றில் இல்லை. நீங்கள் போகிற போக்கில் சொன்ன “என் கணக்கின் கியூஆர்” என்ற வார்த்தைகளில் இருக்கிறது. இத்தனை வருடம் அம்மாவின் கல்லாப்பெட்டியில் விழுந்த காசு இனி யார் பெயரில் விழப்போகிறது? நான் ஒரு பொதுத்துறை வங்கியில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் மதுரை, திண்டுக்கல் மாவட்டக் கிளைகளில்தான். கடைசி சில வருடங்களில் சிறுகடைக்காரர்களுக்குக் கணக்குத் திறப்பது, கியூஆர் அட்டை கொடுப்பது, பணம் போனது என்று வந்து நிற்கிறவர்களுக்குப் புகார் எழுதித் தருவது இவைதான் என் அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வரி பற்றி மட்டும் எனக்குத் தெரிந்த அளவு சொல்லிவிட்டு ஆடிட்டரிடம் அனுப்புவேன், அது என் துறை அல்ல.

என் கிளைக்கு ஒரு பூக்கார அம்மா வருவார். கோயில் வாசலில் கடை. ஒருநாள் பாஸ்புக்கைக் கொடுத்து, “எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பாருங்க சார், சவுண்ட் பாக்ஸ் தினமும் சத்தம் போடுது” என்றார். பாஸ்புக்கில் பதிவு அடித்துப் பார்த்தேன். எட்டு மாதமாக ஒரு ரூபாய்கூட வரவு இல்லை. கடையில் இருந்த கியூஆர் மருமகனின் கணக்குக்கானது. அவரே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார், அவரே வீட்டுச் செலவையும் பார்த்துக்கொள்கிறார். ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த அம்மா தன் பேத்திக்குக் கொலுசு வாங்க அவரிடம் பணம் கேட்க வேண்டியதாகிவிட்டது. அதுவரை சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துப் பழகியவர். நாள் முழுக்க “ஐம்பது ரூபாய் பெறப்பட்டது” என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், பெற்றது யார் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அன்று அவர் முகம் போன போக்கை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது, தம்பி. இருந்தாலும் உங்கள் கணக்கின் கியூஆரை ஒட்டாதீர்கள். அம்மாவின் கணக்கில் அம்மாவின் பெயரில் எடுங்கள். உங்கள் நல்ல மனசைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. வரியிலும், கடனிலும், கணக்கு முடங்கும் ஆபத்திலும் இதுதான் உங்கள் இருவருக்கும் நல்லது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் இது எப்படி ஓடுகிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள், அம்மாவின் பயத்தில் பாதி அதிலேயே தீரும். யூபிஐ என்பது ஜிபேயோ போன்பேயோ அல்ல. அவை வெறும் வாசல்கள். உள்ளே இருக்கிற பாதை இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகத்தினுடையது, அதாவது என்பிசிஐ. 2016 ஏப்ரலில் யூபிஐயை அறிமுகப்படுத்தினார்கள். அதே வருடம் நவம்பர் 8-ஆம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது நான் கவுன்ட்டரில் இருந்தேன். அந்த வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு, மக்கள் ஏன் போனுக்கு மாறினார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் ஒரே மாதத்தில் 100 கோடிப் பரிவர்த்தனையைத் தொட்டது. 2025 ஆகஸ்டில் ஒரு மாதத்துக்கு 2,000 கோடியைத் தாண்டியது. வாடிக்கையாளர் கியூஆரை ஸ்கேன் செய்து தன் ரகசிய எண்ணை (பின் நம்பர்) போட்டதும், அவருடைய வங்கிக்குத் தகவல் போய் அவர் கணக்கில் கழிகிறது, அம்மாவின் வங்கிக்குத் தகவல் போய் அவர் கணக்கில் ஏறுகிறது. பொதுவாகப் பணம் எந்த ஆப் கம்பெனியிலும் தங்குவதில்லை, வங்கிக்கணக்கிலிருந்து வங்கிக்கணக்குக்குத்தான் போகிறது. அதனால் “எந்த ஆப் நல்லது” என்ற கேள்விக்கு நீங்கள் நினைக்கிற அளவு முக்கியத்துவம் இல்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்க வேண்டும். வங்கியே கொடுக்கும் கியூஆரில் பணம் பெரும்பாலும் உடனே கணக்கில் ஏறும். சில தனியார் கம்பெனிகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் கியூஆரில், நாள் முழுக்க வந்ததை மொத்தமாகச் சேர்த்து இரவிலோ மறுநாளோ கணக்கில் போடுகிற ஏற்பாடும் உண்டு. விடியற்காலை நாலரைக்கு மார்க்கெட்டில் தேங்காயும் காயும் வாங்க வேண்டிய இட்லிக் கடைக்கு இது சின்ன விஷயமில்லை. எடுக்கும்போதே “காசு எப்போ கணக்குல விழும்?” என்று கேட்டு வாங்குங்கள்.

பட்டன் போன் தடையே இல்லை. இதுதான் பலருக்குத் தெரியாதது. பணம் அனுப்பத்தான் பெரும்பாலும் ஸ்மார்ட்போன் தேவைப்படும், வாங்குவதற்கு வேண்டாம். அம்மாவின் கணக்கு இருக்கும் கிளையில் எழுதிக் கொடுத்தால், அந்தக் கணக்குக்கு ஒரு கியூஆர் அட்டை தருவார்கள். சவுண்ட் பாக்ஸுக்குள் தனியாக சிம் இருக்கிறது, போன் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை, தமிழிலேயே தொகையைச் சொல்லும். வரவு குறித்த எஸ்எம்எஸ் பட்டன் போனுக்கும் வரும். எடுத்துச் செலவழிக்க ஏடிஎம் அட்டை இருக்கிறது, பாஸ்புக் இருக்கிறது. கிளைக்குப் போக நேரமில்லை என்றால் ஊரில் இருக்கும் வங்கி முகவரிடமோ தபால்காரரிடமோ கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். கைரேகை வைக்கும்போது தொகையைத் திரையில் பார்த்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள், ரசீது வாங்கச் சொல்லுங்கள். ஒரு முறை ரேகை பதியவில்லை என்று மறுபடி மறுபடி வைக்கச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும்.

செலவைப் பற்றி. வாடிக்கையாளரின் வங்கிக்கணக்கிலிருந்து யூபிஐ வழியாகக் கடைக்காரர் வாங்கும் பணத்துக்கு 2020 ஜனவரி 1 முதல் வங்கி கமிஷன் பிடிப்பதில்லை. கார்டு மெஷினில் பிடிப்பார்களே, அது இங்கே பூஜ்யம். இன்றைய நிலை அதுதான், இது உறுதி. வருங்காலத்திலும் அப்படியே இருக்குமா என்பது உறுதியில்லாத விஷயம். பெரிய வியாபாரிகளிடமாவது கட்டணம் வாங்க அனுமதி வேண்டும் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வந்தாலும் இட்லிக் கடை அளவில் வைக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு, கணிப்பு மட்டுமே. ஆனால் சவுண்ட் பாக்ஸ் இலவசம் இல்லை. பெரும்பாலும் மாதம் நூறு ரூபாய் போல வாடகை கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். “ஃப்ரீதான் சார்” என்று கொடுத்துவிட்டுப் போகிற விற்பனைப் பையன்கள் சிலர் அதைச் சொல்வதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் பிடிப்பார்கள், வேண்டாம் என்றால் எப்படித் திருப்பிக் கொடுப்பது, மூன்றையும் கேளுங்கள்.

அடுத்து வரி. இதில் வதந்திதான் அதிகம். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூபிஐ வரவை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. ஹாவேரியில் காய்கறி விற்கும் ஒருவருக்கு 29 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லி வந்தது. நான்கு வருடத்தில் அவருக்கு வந்த டிஜிட்டல் வரவு ஒன்றரைக் கோடிக்கு மேல் என்பது கணக்கு. பதப்படுத்தாத காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பது அவர் தரப்பு நியாயம். பெங்களூரில் பல கடைகள் கியூஆரைக் கிழித்துவிட்டு “காசு மட்டும்” என்று எழுதி வைத்தன. போராட்டம் என்றார்கள், கடைசியில் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று முதல்வர் சித்தராமையா அறிவித்தார். அந்தச் செய்தி வாட்ஸப்பில் இங்கே வந்து சேரும்போது “ஜிபே வெச்சா வரி” என்று சுருங்கிவிட்டது.

உண்மை வேறு. வரி, காசு எந்த வழியில் வந்தது என்பதைப் பார்த்து வருவதில்லை, எவ்வளவு வந்தது என்பதைப் பார்த்து வருகிறது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனை, 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். சாப்பாட்டுக் கடை சேவையில் வரும், ஆகவே உங்களுக்கு வரம்பு 20 லட்சம். ஒரு நாளைக்கு 4,000 என்று வைத்து, வருடத்துக்கு 300 நாள் கடை என்றால் 12 லட்சம். எட்ட இருக்கிறது. வருமான வரியில் சிறு வியாபாரிகளுக்கென்று ஒரு எளிய முறை இருக்கிறது. கணக்குப் புத்தகம் எதுவும் காட்டாமல், ரொக்க விற்பனையில் 8 சதவீதம், டிஜிட்டல் விற்பனையில் 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். உண்மையான லாபம் அதைவிட அதிகமென்றால் அதிகத்தைத்தான் காட்ட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் அம்மாவின் வருமானம் வரி கட்டும் எல்லைக்குள் வருவதாக எனக்குத் தெரியவில்லை. டிஜிட்டலுக்குச் சதவீதம் குறைவு என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை உள்ளூர் ஆடிட்டர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போது உங்கள் கணக்கின் கியூஆரை ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சம்பளக்காரரான உங்கள் கணக்கில் ஐம்பது ரூபாயும் எண்பது ரூபாயுமாக வருடத்துக்கு ஐந்தாறு லட்சம் ஏறும். வரித்துறையிலிருந்து கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அது அம்மாவின் வியாபாரம் என்று எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? கர்நாடக வியாபாரிகள் பலர் சொன்னதும் இதைத்தான்: கடைப் பணம், கைமாற்று, சீட்டுப் பணம், சொந்தக்காரர் அனுப்பியது எல்லாம் ஒரே கணக்கில் கலந்துவிட்டன, பார்க்கிறவருக்கு எல்லாமே விற்பனையாகத் தெரிந்தது. அதனால் அம்மாவுக்கு ஏற்கெனவே மானியமோ உதவித்தொகையோ வருகிற கணக்கு இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, கடைக்கென்று இன்னொரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, அதில் கியூஆர் எடுங்கள். வரவு கூடினால் நடப்புக் கணக்குக்கு மாறச் சொல்லி வங்கியே கேட்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

தனிக் கணக்கு வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், பலரும் பேசாதது. யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தில், அந்த மோசடிக்காரனோ அவனிடமிருந்து பணம் போன அடுத்த ஆளோ உங்கள் கடையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு யூபிஐயில் அனுப்பினான் என்று வையுங்கள். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் போலீஸ் அந்தப் பணம் போன பாதையைப் பிடித்துக்கொண்டே வரும். ஏதோ ஒரு வடமாநிலக் காவல் நிலையத்திலிருந்து வங்கிக்குக் கடிதம் வந்து, கடைக்காரரின் கணக்கு முடக்கப்படும். 2023-இல் கேரளத்தில் இது பெரிய பிரச்சினையானது. கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வையுங்கள் என்கிற மாதிரி கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லா ஊர்க் கிளைகளும் அதன்படி நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன், முழுக் கணக்கும் முடங்கி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் உங்கள் சம்பளமும் வீட்டுக் கடன் தவணையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். கடைக் கணக்கு தனியாக இருந்து, அதில் கொஞ்சம் பணம் மட்டும் வைத்திருந்தால் அடி சிறியதாக இருக்கும். அப்படி ஆனால் கிளையில் புகார் எண்ணையும் எந்தக் காவல் நிலையம் என்பதையும் எழுத்தில் வாங்கி, முடக்கத்தைத் தொகையளவுக்குக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுங்கள்.

சரி, பாதுகாப்பு. பாதையே உடைந்து பணம் திருடு போனதை நான் கண்டதில்லை. என்னிடம் வந்த ஒவ்வொரு புகாரிலும் ஏமாற்றியவன் ஆளிடம் பேசித்தான் ஏமாற்றியிருந்தான். அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயத்தைப் பதிய வையுங்கள்: பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணும் (பின் நம்பர்) வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நாம் எதையும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம். வாங்குவதற்காக இவற்றில் ஏதாவது ஒன்றை எவன் கேட்டாலும் அவன் திருடன். சாப்பாட்டுக் கடைகளுக்கென்றே ஒரு மோசடி இருக்கிறது. போனில் ஒருவன் ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி 200 இட்லி, 100 வடை ஆர்டர் கொடுப்பான். எல்லாம் செய்து வைத்த பிறகு, “பணம் அனுப்பறோம், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க” என்பான். ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் போகிற பணம் நம்முடையது. ஆள் நேரில் வந்து முன்பணம் தராத பெரிய ஆர்டரைத் தொடவே வேண்டாம்.

கடை நெரிசலில் நடப்பது வேறு வகை. “அனுப்பிட்டேன்மா” என்று பச்சை டிக் போட்ட திரையைக் காட்டிவிட்டு நடந்துவிடுவார்கள். அந்தத் திரையைப் போலவே காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன, நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சவுண்ட் பாக்ஸ் இவ்வளவு பரவியதற்கே இதுதான் காரணம். வாடிக்கையாளரின் போனைப் பார்க்காதீர்கள், உங்கள் பெட்டியின் சத்தத்தைக் கேளுங்கள். இன்னொன்று, ராத்திரியோடு ராத்திரியாக நம் கியூஆர் மேல் தங்கள் கியூஆரை ஒட்டிவிட்டுப் போவது. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தில் கஜுராஹோவில் பல கடைகளில் இப்படிச் செய்தார்கள், பணம் போடும்போது வேறு பெயர் வருகிறதே என்று வாடிக்கையாளர்கள் கேட்டபோதுதான் தெரிந்தது. அட்டையைக் கடை மூடும்போது வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பணம் போடுமுன் வங்கிப் பதிவில் உள்ள பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று என்பிசிஐ 2025-இல் விதி செய்திருக்கிறது. அம்மாவின் கியூஆர் என்றால் அம்மாவின் பெயரோ கடையின் பெயரோ வரும். தினமும் இட்லி வாங்குகிறவர்களுக்கு அது தெரிந்த பெயர். உங்கள் பெயர் வந்தால் அவர்களுக்குச் சரியா தப்பா என்று எப்படித் தெரியும்?

பெண்கள் இருக்கும் கடைக்கு இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆப்பில் நாமே எடுக்கும் தனிநபர் கியூஆரில் செல்போன் எண்ணே முகவரியாக இருப்பது சகஜம். காசு போடுகிற ஒவ்வொருவருக்கும் அந்த எண் தெரியும். ஜவுளிக் கடை வைத்திருந்த ஒரு இளம்பெண்ணுக்கு இதனால் ராத்திரி நேரத்தில் வந்த மெசேஜ்கள் கொஞ்சநஞ்சமில்லை. வங்கி கொடுக்கும் வியாபாரக் கியூஆரில் எண் தெரியாதபடி முகவரி கேட்டு வாங்கலாம்.

தவறிப் போனால் என்ன செய்வது? “எனக்குக் கழிஞ்சிடுச்சும்மா, உங்களுக்கு வரலையா?” என்பது வாரத்தில் ஒரு முறையாவது நடக்கும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதிப்படி, கடைக்குப் போய்ச் சேராத பணம் ஐந்து நாளுக்குள் வாடிக்கையாளர் கணக்கில் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் அவருக்கு வங்கி கொடுக்க வேண்டும். இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லலாம். தெரிந்த முகமென்றால் “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று அனுப்பிவிடச் சொல்லுங்கள், நாற்பது ரூபாய்க்காக ஒரு வாடிக்கையை இழக்க வேண்டாம். யூபிஐயே நின்றுபோன நாட்களும் உண்டு, 2025 மார்ச் 26-ஆம் தேதியும் ஏப்ரல் 12-ஆம் தேதியும் நாடு முழுக்கப் படுத்தது. அதனால் சில்லறை வைத்திருப்பதை அம்மா நிறுத்தவே கூடாது. மோசடியில் பணம் போனால் நேரம்தான் எல்லாம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், அப்புறம் கிளைக்கு. முதல் சில மணி நேரத்தில் அழைத்தவர்களுக்குத் திரும்பக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன், “மகன் வரட்டும்” என்று இரண்டு நாள் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது அபூர்வம். வங்கியில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக எழுதலாம், 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, காசே போதுமே என்று அம்மா கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. நாட்டில் ரொக்கமும் ஒன்றும் ஒழிந்துவிடவில்லை. 2016 நவம்பரில் புழக்கத்தில் இருந்த பணம் 18 லட்சம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு, இப்போது 36 லட்சம் கோடிக்கு மேல். ராத்திரி கடை மூடியதும் கல்லாவைக் கவிழ்த்து, நோட்டைத் தனியாக, சில்லறையைத் தனியாக அடுக்கி எண்ணுகிறாரே, அதுதான் அவருடைய கணக்கு. நாளைய மாவுக்கு இவ்வளவு, கேஸுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு என்று கை பிரித்து வைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பணத்தை அப்படிப் பிரிக்க முடியாது. யூபிஐ வந்த பிறகு “சம்பாதிக்கறேன், எங்க போகுதுன்னு தெரியலை” என்று சொன்ன கடைக்காரர்கள் நிறையப் பேர். ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். அன்றைய யூபிஐ வரவு எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு என்று தினமும் ஒரு வரி எழுதட்டும். மார்க்கெட்டுக்கு வேண்டிய ரொக்கத்தை வாரம் இரண்டு முறை ஏடிஎம்மில் எடுத்துப் பழைய டப்பாவிலேயே போடட்டும். பழைய பழக்கத்தை உடைக்காமல் புதியதை அதற்குப் பக்கத்தில் வைத்தால் அது நிலைக்கிறது. இது புத்தகத்தில் படித்ததில்லை, கிளையில் பார்த்தது.

ஆனால் அம்மாவிடம் நான் நேரில் பேச முடிந்தால் கடனைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். காலையில் 900 கொடுத்துவிட்டு மாலையில் 1,000 வாங்கிப் போகிறவர்களை அவருக்குத் தெரிந்திருக்கும். தின வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்து 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் அந்த ஆட்கள் மார்க்கெட் வாசலில் நிற்பதற்குக் காரணம், அம்மாவைப் போன்றவர்கள் வங்கியில் வந்து கேட்டால் “உங்க வியாபாரத்துக்கு என்ன ஆதாரம்?” என்று நாங்கள் கேட்போம், அவர்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது. ஆறு மாதம், ஒரு வருடம் தினமும் வரவு விழுந்த பாஸ்புக் இருந்தால் அதுவே ஆதாரம். சாலையோர வியாபாரிகளுக்கான பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் முதலில் 15,000, அதைக் கட்டினால் 25,000, பிறகு 50,000 என்று அடமானம் இல்லாமல் தருகிறார்கள். நகராட்சியில் வியாபாரிச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வாங்க வேண்டும். கடை வாடகை இடத்தில் இருந்தால் சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் கேட்கலாம். விண்ணப்பித்தாலே கிடைத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது, கிளை மேலாளரைப் பொறுத்ததும் இருக்கிறது. ஆனால் வரவெல்லாம் உங்கள் கணக்கில் விழுந்திருந்தால் அம்மாவிடம் காட்ட வெற்றுப் பாஸ்புக்தான் இருக்கும். பன்னிரண்டு வருடம் அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணுக்கு வியாபாரமே இல்லை என்று காகிதம் சொல்லும்.

எப்படித் தொடங்குவது என்று கேட்டால், ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஊருக்குப் போங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய், படிவத்தில் அவருடைய செல்போன் எண்ணையே கொடுங்கள், உங்களுடையதை அல்ல. நியமனதாரராக (நாமினி) உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். கியூஆர் கைக்கு வந்ததும் நீங்களே ஒரு ரூபாய் அனுப்பி, அது அவர் பாஸ்புக்கில் அச்சாவதை அவருக்குக் காட்டுங்கள். அதன் பிறகு இரண்டு சாயங்காலம் கடையில் பக்கத்தில் நில்லுங்கள், கூட்டத்துக்கு நடுவே பெட்டியின் சத்தம் காதில் விழுகிறதா, எந்த இடத்தில் வைத்தால் விழுகிறது என்று பாருங்கள். இட்லிக் கொப்பரையின் ஆவி படாத இடமாக இருக்கட்டும், இல்லையென்றால் மூன்று மாதத்தில் பெட்டி வீணாகிவிடும். பாஸ்புக்கும் ஏடிஎம் அட்டையும் அவரிடமே இருக்கட்டும். பட்டன் போன்காரருக்குக் கியூஆர் தர முடியாது என்று கிளையில் யாராவது சொன்னால் இங்கேயே எழுதுங்கள், மேலாளருக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று நான் சொல்கிறேன்.